தொட்டியில் ஏன் காலி இடம்?

80 வயதைத் தாண்டிய ஒரு விமான என்ஜின் எக்ஸெல் மூலம் எனக்குக் கற்றுத் தந்த பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "எக்ஸெல் இருக்கிறது சார், ஆனால் வீட்டில் அதை வைத்து என்ன செய்வது? பால் கணக்கும் பேப்பர் கணக்கும் நோட்டிலேயே எழுதிவிடலாமே!" நியாயமான கேள்விதான். இந்த மாதம் அதற்கு ஒரு வித்தியாசமான பதிலைச் சொல்லப் போகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான என்ஜின் ஒன்றின் தண்ணீர்த் தொட்டியை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்த கதை அது. அதில் நான் செய்த தவறையும் மறைக்காமல் சொல்கிறேன். கணக்கை நீங்களும் கூடவே போட்டுப் பார்க்கலாம். எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதே முறையில் செய்யலாம்.

வந்தது ஒரு மெயில்

என் மனைவியின் தம்பி இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். வார நாட்களில் ஆபீஸ். சனி, ஞாயிறு வந்துவிட்டால் பழைய என்ஜின்களைப் பழுது பார்க்கும் ஒரு சிறு குழுவோடு சேர்ந்துகொள்வான். அவர்களிடம் ஒரு மெர்லின் என்ஜின் இருக்கிறது. விமானம் இல்லை, என்ஜின் மட்டும்தான். அதை ஒரு டிரெய்லர் மேல் பொருத்தி, விழா நாட்களில் ஓட்டிக் காட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கவே கூட்டம் வருமாம்.

ஒரு நாள் அவனிடமிருந்து ஒரு மெயில். "அத்தான், எங்கள் என்ஜினின் ஹெட்டர் டேங்க் அரித்துப் போய்விட்டது. புதிதாக ஒன்று செய்யப் போகிறோம். பழைய வடிவம் வேண்டாம், டிரெய்லரில் நிற்கிற மாதிரி சின்னதாக ஒரு சதுரத் தொட்டி போதும் என்கிறார்கள். உள்ளே எவ்வளவு காலி இடம் விட வேண்டும்? நீங்கள்தான் கம்ப்யூட்டர் ஆளாயிற்றே, ஒரு கணக்குப் போட்டு அனுப்புங்கள்." கூடவே ஒரு படத்தையும் ஸ்கேன் செய்து இணைத்திருந்தான்.

மெர்லின் என்றால் என்ன?

ஸ்பிட்பயர், ஹரிக்கேன், லங்காஸ்டர், மஸ்டாங் என்ற விமானப் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிளைட் சிமுலேட்டர் கேம் விளையாடுகிறவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். இந்த விமானங்களில் இருந்த புகழ்பெற்ற என்ஜின்தான் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின். முதன்முதலில் ஓடியது 1933 அக்டோபரில். மொத்தம் 12 சிலிண்டர்கள். கொள்ளளவு 27 லிட்டர். நம் மாருதி 800 காரின் என்ஜின் 796 சிசி. அதாவது ஒரு மெர்லினுக்குள் ஏறக்குறைய 34 மாருதிகள் அடக்கம்! 1950-ல் தயாரிப்பு முடியும் வரை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான என்ஜின்கள் செய்யப்பட்டன.

இவ்வளவு பெரிய என்ஜின் பெட்ரோலை எரிக்கும்போது உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியைத் திரவம் ஒன்று சுமந்து சென்று ரேடியேட்டரில் விட வேண்டும். இந்தத் திரவத்துக்குக் கூலன்ட் என்று பெயர். எந்தக் கூலன்ட் என்பதிலேயே மெர்லினுக்கு ஒரு கதை உண்டு. முதலில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையை எண்ணியிருந்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. அடுத்து, எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தைத் தனியாக ஊற்றினார்கள். இது 197 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் தீப்பிடிக்கக் கூடியது. வெப்பத்தைச் சுமக்கும் திறனும் தண்ணீரில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். எனவே ஸ்பிட்பயர் இரண்டாம் மாடலில் வந்த மெர்லின் 12 முதல் 70 சதவீதம் தண்ணீர், 30 சதவீதம் கிளைக்கால் கலந்த கலவைக்கு மாறினார்கள்.

இங்கேதான் சிக்கல். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரமே கொதிக்கும். 6,000 மீட்டர் உயரத்தில் 80 டிகிரிக்கே கொதிநிலை வந்துவிடும். என்ஜினோ அதைவிடச் சூடாக ஓட வேண்டும். என்ன வழி? நம் வீட்டுப் பிரஷர் குக்கர் வழிதான். மூடி போட்டு அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலை ஏறும். 2 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. ஆகவே கூலன்ட் ஓடும் பாதை முழுவதையும் மூடி, அழுத்தத்தில் வைத்தார்கள்.

ஹெட்டர் டேங்க் எதற்கு?

அந்தப் பாதையில் எல்லாவற்றுக்கும் மேலே, உயரத்தில் இருக்கும் தொட்டிதான் ஹெட்டர் டேங்க். மெர்லின் பொருத்திய ஸ்பிட்பயரில் இது புரொப்பல்லருக்குச் சற்றுப் பின்னால், குதிரை லாடம் போல வளைந்து உட்கார்ந்திருக்கும். இருக்கிற இடத்துக்கு ஏற்ற வடிவம், அவ்வளவுதான்.

பலரும் இதைக் கூடுதல் தண்ணீர் சேமித்து வைக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அதற்கு நான்கு வேலைகள்.

1. சூடானால் கூலன்ட் விரியும். விரிவதற்கு இடம் தருவது முதல் வேலை.

2. ஓடும் கூலன்டில் காற்றுக் குமிழிகள் சேரும். குமிழி மேலே ஏறும் குணமுள்ளது. உயரமான இடத்தில் ஒரு தொட்டி இருந்தால் அங்கே வந்து பிரிந்துவிடும். இல்லாவிட்டால் சிலிண்டர் தலைப்பகுதியில் தங்கிவிடும். குமிழி நிற்கும் இடத்தில் உலோகத்தைக் குளிர்விக்க ஆளில்லை.

3. பம்ப்புக்கு எப்போதும் கூலன்ட் கிடைக்கச் செய்வது. நுழைவாயிலில் அழுத்தம் குறைந்தால் பம்ப்புக்குள்ளேயே கூலன்ட் கொதித்துவிடும். பிறகு பம்ப் சுற்றும், தண்ணீர் நகராது.

4. அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. அளவு மீறினால் வால்வு திறந்து வெளியே விடுவது.

இந்த நான்கில் மூன்று வேலைகளுக்குத் தேவைப்படுவது தொட்டியில் உள்ள கூலன்ட் அல்ல, அதன் மேலே உள்ள காலி இடம்! இதை அப்போது நான் யோசிக்கவில்லை.

முதல் கணக்கு

வாருங்கள், எக்ஸெலைத் திறப்போம். என்ஜின், குழாய், ரேடியேட்டர், தொட்டி எல்லாம் சேர்த்து 60 லிட்டர் கூலன்ட் என்று வைத்துக்கொள்வோம். கிளைக்கால் கலந்தால் விரிவு சற்று அதிகமாகும். கணக்கு எளிதாக இருக்கத் தண்ணீரையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வரிசையில் தலைப்புகள். ஏ1 செல்லில் "வெப்பம்", பி1-ல் "அடர்த்தி", சி1-ல் "கொள்ளளவு" என்று டைப் செய்யுங்கள். ஏ2 முதல் ஏ7 வரை 20, 40, 60, 80, 100, 120 என்று போடுங்கள். பி2 முதல் பி7 வரை அந்தந்த வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி: 998.2, 992.2, 983.2, 971.8, 958.4, 943.1. இது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற அளவு.

இப்போது சி2 செல்லில் கிளிக் செய்து =60*998.2/ என்று டைப் செய்யுங்கள். என்டர் தட்ட வேண்டாம். மவுஸால் பி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். பிறகு என்டர். 60 என்று விடை வரும். மீண்டும் சி2 செல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தின் மேல் பாயின்டரைக் கொண்டு செல்லுங்கள். அது மெல்லிய கூட்டல் குறியாக மாறும். மவுஸ் பட்டனை அழுத்தியபடி சி7 வரை இழுத்து விடுங்கள். அத்தனை விடைகளும் ஒரே நொடியில்!

100 டிகிரியில் 62.5 லிட்டர். 120 டிகிரியில் 63.5 லிட்டர். அதாவது 60 லிட்டர் ஊற்றினால் சூடேறி 3.5 லிட்டர் கூடுகிறது.

"3.5 லிட்டர்தான் விரிகிறது. 5 லிட்டர் காலி இடம் விட்டால் தாராளம்" என்று எழுதி, எக்ஸெல் பைலையும் இணைத்து மெயிலை அனுப்பிவிட்டேன். பெரிய வேலையை முடித்த திருப்தி எனக்கு.

குக்கர் விசில் அடித்தது

மறுநாள் காலை சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. என் மனைவி பருப்பு வைக்கும்போது என் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "குக்கரைக் கழுத்து வரை நிரப்பக் கூடாதுடி. ஆவிக்கு இடம் வேண்டும்."

எனக்குச் சுருக்கென்றது. மூடிய பாத்திரத்தில் தண்ணீர் மட்டுமா இருக்கிறது? காற்றும் இருக்கிறதே! தண்ணீர் 3.5 லிட்டர் விரிந்தால் அந்த 5 லிட்டர் காலி இடத்தில் இருக்கும் காற்று எங்கே போகும்? மூடி போட்டிருக்கிறதே! 1.5 லிட்டருக்குள் அமுங்க வேண்டும். அதுவும் சூடான காற்று. போதாததற்கு நீராவியின் அழுத்தம் வேறு. தண்ணீருக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் எக்ஸெலைக் கேட்டேன். இருக்கிறது என்றது. அழுத்தம் எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை.

அந்தத் தொட்டிக்கு அருகில் நின்று என்ஜினை ஓட்டப் போகிறவன் என் மச்சான். கயிற்றுக்கு வெளியே குழந்தைகளோடு குடும்பங்கள் நிற்கும். கை கழுவக்கூட நேரமில்லாமல் கம்ப்யூட்டரை ஆன் செய்து, "தொட்டியை வெட்ட வேண்டாம், கணக்கு தப்பு" என்று ஒரு வரி மெயில் அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டாவது கணக்கு

புதிய ஷீட்டுக்குப் போங்கள். கீழே உள்ள ஷீட் பெயர்களுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும், அதைக் கிளிக் செய்தால் போதும். ஏ1-ல் "காலி இடம்", பி1-ல் "அழுத்தம்" என்று தலைப்பிடுங்கள். ஏ2 முதல் ஏ7 வரை 4, 5, 6, 8, 10, 15 என்று லிட்டர் கணக்கைப் போடுங்கள்.

பி2 செல்லில் = போட்டு, ஏ2 செல்லைக் கிளிக் செய்து, /( என்று டைப் செய்து, மறுபடி ஏ2-ஐக் கிளிக் செய்து, -3.5)*393/293+1.96 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். இது என்ன மந்திரம் என்கிறீர்களா? மூன்றே பகுதிகள்தான்.

முதல் பகுதி, காற்று அமுங்குவது. காலி இடம் எத்தனை பங்கு குறைகிறதோ அத்தனை பங்கு அழுத்தம் கூடும். பள்ளியில் படித்த பாயில் விதி. இரண்டாவது, காற்று சூடாவது. 20 டிகிரி என்பது கெல்வின் அளவில் 293. 120 டிகிரி என்பது 393. மூன்றாவது, 120 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 1.96 அட்மாஸ்பியர். ஏறக்குறைய நம் குக்கருக்குள் இருப்பது இந்த அழுத்தம்தான்.

பழையபடி மூலையைப் பிடித்துக் கீழே இழுங்கள். வரும் விடைகள் இவை.

4 லிட்டர் காலி இடம்: 12.7 அட்மாஸ்பியர்
5 லிட்டர்: 6.4
6 லிட்டர்: 5.2
8 லிட்டர்: 4.3
10 லிட்டர்: 4.0
15 லிட்டர்: 3.7

பார்த்தீர்களா? நான் தாராளம் என்று சொன்ன 5 லிட்டரில் 6.4 அட்மாஸ்பியர்! ஊற்றுகிறவர் கை தவறி ஒரே ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டால் அது 12.7 ஆகிவிடும். 15 லிட்டர் தொட்டியிலோ ஒரு லிட்டர் கூடினாலும் பெரிய மாற்றம் இல்லை. ஏ2-ல் 4-க்குப் பதிலாக 3.5 போட்டுப் பாருங்கள். எக்ஸெல் பிழைச் செய்தி காட்டும். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பது அதன் பொருள். நிஜத் தொட்டி பிழைச் செய்தி காட்டாது. வெடிக்கும்.

"வால்வு இருக்கிறதே, திறந்துகொள்ளாதா?" என்று கேட்கலாம். திறக்கும். ஆனால் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் திறந்தால், ஆவியோடு கூலன்டும் வெளியே போகும். ஆறியதும் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி மெல்லிய தகடு உள்ளே ஒடுங்கும். வால்வு ஆபத்துக்குக் காவல். தினசரி வேலைக்கு அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

தொட்டி எப்படி மாறியது?

கணக்கை அந்தக் குழுவில் இருந்த அனுபவசாலி இன்ஜினியர் ஒருவரும் சரிபார்த்தார். தரையில் ஓட்டிக் காட்டும் என்ஜின்தானே, 105 டிகிரியைத் தாண்ட விடாமல் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 105 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 954.7, நீராவி அழுத்தம் 1.19. இதை வைத்துக் கணக்கிட்டால் 12 லிட்டர் காலி இடத்துக்கு அழுத்தம் 2.9 வருகிறது. வெளிக்காற்று 1 அட்மாஸ்பியரைக் கழித்தால் தொட்டி தாங்க வேண்டியது 1.9. வெளிக்காற்றைவிட 2 கூடினால் திறக்கும் வால்வு அதற்குப் பொருத்தம். அந்த 12 லிட்டர்தான் புதிய தொட்டிக்கு அளவாயிற்று.

இன்னும் சில மாற்றங்களும் செய்தார்கள். கவனித்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

ஊற்றும் வாயின் குழாயைத் தொட்டிக்குள் கொஞ்சம் இறக்கிவிட்டார்கள். கூலன்ட் அந்தக் குழாயின் நுனியைத் தொட்டதும் வாய் நிரம்பிவிடும், மேலே உள்ள காற்று அப்படியே நிற்கும். யாரும் நினைத்தாலும் கழுத்து வரை நிரப்ப முடியாது. பெரிய டீசல் என்ஜின்களின் ரேடியேட்டர்களிலும் இந்த ஏற்பாடு உண்டு.

என்ஜினிலிருந்து வரும் கூலன்ட் காலி இடத்தில் பாய்ந்தால் நுரைக்கும். எனவே அது மட்டத்துக்குக் கீழே நுழையும்படி வைத்து, எதிரே ஒரு தடுப்புத் தகடு. வேகம் குறைந்து குமிழிகள் மேலே பிரியும். வெளியேறும் குழாய் அடியில்.

பக்கவாட்டில் ஒரு மட்டக் கண்ணாடி. மூடியைத் திறக்காமலே அளவு பார்க்கலாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பதைப் போல ஆபத்து வேறில்லை. இது உங்கள் காருக்கும் பொருந்தும்.

வால்வோடு, உள்ளே வெற்றிடம் வந்தால் காற்றை அனுமதிக்கும் சிறு வால்வு ஒன்று.

கடைசியாக, செய்து முடித்த தொட்டியைக் காற்றால் சோதிக்காமல் குளிர்ந்த தண்ணீரால் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். தண்ணீர் அமுங்காது. கசிந்தால் சொட்டும், அவ்வளவுதான். அமுக்கிய காற்று வெடித்துச் சிதறும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது தரையில் நிற்கும் என்ஜின். பறக்கும் பழைய விமானத்தில் ஒரு தொட்டியை மாற்ற வேண்டுமானால் விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் விதிப்படி ஒப்புதல் வாங்க வேண்டும். எக்ஸெல் ஷீட் அதற்குப் போதாது.

நம் கம்ப்யூட்டரிலும் ஒரு தொட்டி

இவ்வளவும் நடந்த பிறகுதான் என் மகன் கம்ப்யூட்டரின் நினைவு வந்தது. கேம் விளையாடுவதற்காக ப்ராசசருக்குத் திரவத்தால் குளிர்விக்கும் கூலர் ஒன்றை நானே பொருத்திக் கொடுத்திருந்தேன். ஆன் செய்ததும் கொஞ்ச நேரம் களக் களக் என்று சத்தம் வரும். புதிது, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டிருந்தேன்.

கேபினட்டைத் திறந்து பார்த்தேன். ரேடியேட்டரை அடிப்பாகத்தில் பொருத்தியிருக்கிறேன்! ப்ராசசர் மேல் உள்ள பம்ப்தான் எல்லாவற்றுக்கும் உயரத்தில் இருக்கிறது. இத்தகைய கூலர்களுக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும். வருடங்கள் போகப் போக டியூப் வழியாகத் திரவம் மிக மெதுவாகக் குறைந்து, காற்று கூடும். அந்தக் காற்று உயரமான இடத்துக்கு வரும். நான் பொருத்திய விதத்தில் அது நேராகப் பம்ப்புக்குள் வந்து உட்கார்ந்தது. அந்தச் சத்தம் அதுதான். அப்படியே விட்டிருந்தால் பம்ப் வீணாகி, ப்ராசசர் சூடாகித் தானே நின்றுபோகும்.

கம்ப்யூட்டரை ஆப் செய்து, மின் இணைப்பைப் பிடுங்கி, ரேடியேட்டரைக் கேபினட்டின் மேல் பாகத்துக்கு மாற்றினேன். முன்பக்கம் பொருத்துவதானாலும் ரேடியேட்டரின் மேல் முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இனி காற்று ரேடியேட்டரின் மேல் பகுதியில் தங்கும். அதுதான் நம் ஹெட்டர் டேங்க். சத்தம் நின்றது.

நீங்களும் இத்தகைய கூலர் வைத்திருந்தால் இன்றே எட்டிப் பாருங்கள். சாதாரண பேன் கூலர் என்றால் இந்தக் கவலை இல்லை, தூசியைத் துடைத்தால் போதும்.

எக்ஸெல் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். அது கணக்கில் தவறு செய்யாது. நாம் கேட்ட கேள்விக்குச் சரியான விடை தரும். கேட்க மறந்த கேள்விக்கு விடை தராது, நினைவூட்டவும் செய்யாது. எனவே விடை வந்ததும் பைலை மூடிவிடாதீர்கள். எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, எங்கே திடீரென்று எகிறுகிறது என்று பாருங்கள். கடன் தவணைக் கணக்கானாலும் இதே முறைதான்.

போன மாதம் மச்சானிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. என்ஜின் முழங்குகிறது. கேமரா மெல்ல நகர்ந்து புதிய தொட்டியின் மட்டக் கண்ணாடியில் நிற்கிறது. கூலன்ட் பாதிக்குச் சற்று மேலே. அதற்கு மேலே காலி இடம். "அத்தான், உங்கள் 12 லிட்டர்" என்று எழுதியிருந்தான். அந்த வீடியோவை முதலில் என் மனைவியிடம்தான் காட்டினேன். குக்கர் பற்றிச் சொன்னது அவள்தானே!